தாய் முதலில் கண்டாள்

பாஸ்காக் காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்வது பங்குத்தந்தையர்க்கு ஆண்டுதோறும் வாய்க்கும் இனிய கடமை. களம்பூரில் நெசவாளர் வீடொன்றிற்கு அவ்வாறு நாம் சென்று பல ஆண்டுகள் ஆகின்றன. முன்கூடத்துக் குழித்தறியில் பாதி நெய்த பட்டுச் சேலை நின்றிருந்தது. சுவரோரம் அமர்ந்து பாட்டி இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். இராட்டையின் எதிரே பதினான்கு மாத ஆண் குழந்தை ஒன்று, சுழலும் சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தது. நாம் உள்ளே நுழைந்தோம், செபித்தோம், தீர்த்தம் தெளித்தோம். குழந்தை ஒருமுறையேனும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாம் விடைபெறும் வேளையில் குழந்தையின் தாய் வாசல் வரை வந்தார். “சாமி, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். ஆனா தறி நாடா ஓடுற சத்தம் கேட்டா உடனே திரும்புறான். தூக்கப் போனா கை நீட்ட மாட்டேங்கிறான். எனக்கு என்னவோ பயமா இருக்கு” என்றார். பாட்டி சிரித்தபடி, ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார். நாமும் அதையே வேறு சொற்களில் சொல்லி, குழந்தையின் தலையில் கைவைத்து ஆசி வழங்கிவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றோம்.

குழந்தைக்கு மூன்றரை வயது நிரம்பியபின் வேலூரில் மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள்: ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்பர். அந்தத் தாய் நம்மைக் குறைசொல்லவில்லை. ஆயினும், அன்று நாம் வழங்கிய எளிதான ஆறுதலும் சேர்ந்து அக்குழந்தையின் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டது என்பதை நாம் மறக்கவில்லை. அதன்பின் இப்பொருளைப் பற்றிய வரலாற்றைத் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஓர் உண்மை தெளிவாயிற்று. களம்பூர் வாசலில் நடந்தது புதிதன்று. தாய் முதலில் கண்டாள். கற்றவர்கள் பிறகே கேட்டார்கள். மதியிறுக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

ஒரு தந்தையின் கடிதம்

‘ஆட்டிசம்’ என்னும் சொல் ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911-இல் வெளியிட்ட நூலில், தம்முள்ளேயே ஒடுங்கிவிடும் மனநோயாளரின் நிலையைக் குறிக்க அதை ஆண்டார். அவர் பேசியது வயது வந்தோரைப் பற்றி. அச்சொல்லைக் குழந்தைகளுக்குரியதாக்கி நிலைபெறச் செய்தவர், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர். 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர்களுள் எண்மர் ஆண், மூவர் பெண்.

அக்கட்டுரையின் முதற் குழந்தை டொனால்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1938-இல், டொனால்டுக்கு ஐந்து வயதான வேளையில், அவருடைய தந்தை கன்னருக்கு 33 பக்கங்களில் ஒரு கடிதம் எழுதினார். மகனைப் பற்றித் தாமும் தம் மனைவியும் கண்ட யாவற்றையும் அதில் விவரித்தார். தனியே விடப்பட்டால் மகன் மகிழ்ந்திருப்பான். தந்தை வீடு திரும்பியதைக் கவனிக்கவே மாட்டான். வட்டமான எதைக் கண்டாலும் சுழற்றிவிட்டு அதைப் பார்த்துக் களிப்பான். ஆனால் இரண்டு வயதிலேயே திருப்பாடல் ஒன்றையும், தங்கள் சபையின் ஞானோபதேசத்திலிருந்து 25 வினாவிடைகளையும் மனப்பாடமாகச் சொல்வான்! நம் ஆலயங்களிலும் மந்திரங்களை மழலையில் ஒப்பிக்கும் குழந்தைகளைக் கண்டு நாம் வியப்பதுண்டு. ஒப்பித்தல் வேறு, உரையாடல் வேறு என்பதை அந்தத் தந்தையின் பேனா எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டியது!

மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தைத்தது. தூக்கப் போகும்போது குழந்தை உடலைத் தயார்ப்படுத்திக்கொள்ளும், தோளை உயர்த்தும், முகத்தை நிமிர்த்தும். பிறந்த சில மாதங்களிலேயே எல்லாக் குழந்தைகளும் செய்வது இது. தம் குழந்தைகள் இதைச் செய்யாததைக் கண்டு வியப்புற்றதாக ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் நினைவுகூர்ந்தனர் எனக் கன்னர் எழுதினார். களம்பூர்த் தாய் நம்மிடம் சொன்னதும் அதுவே அல்லவா? நூல் எதுவும் படியாத அவர், 1943-ஆம் ஆண்டின் மருத்துவ இதழில் அச்சேறிய அதே அடையாளத்தைத் தம் கைகளால் உணர்ந்திருந்தார்.

இந்த நிலை பிறவியிலேயே அமைவது என்றே கன்னர் அன்று முடிவு கூறினார். அந்த முடிவோடு உலகம் நின்றிருந்தால் எத்தனையோ கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

பழி சுமந்த தாய்மார்

அதே கட்டுரையின் இறுதியில், இக்குழந்தைகளின் பெற்றோருள் கனிந்த உள்ளம் கொண்டோர் மிகச் சிலரே என்றும் கன்னர் குறித்துவைத்தார். 1949-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இக்குழந்தைகளின் வீட்டுச் சூழலைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். சிறு பொறிதான்; காடு எரிந்தது. ‘குளிர்ந்த உள்ளம் கொண்ட தாயின் அன்பின்மையே குழந்தையை இப்படி ஆக்கிற்று’ என்னும் கருத்து மருத்துவரிடையே பரவியது. சிகாகோவில் சிறப்புப் பள்ளி ஒன்றின் தலைவராக இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலின் வழியாக அது மக்களிடையே வேரூன்றியது. நாசிகளின் வதைமுகாமில் அடைபட்டு மீண்ட அவர், முகாமின் கைதிகள் ஒடுங்கிப்போன நிலையோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். அவ்வொப்பீட்டில் தாயின் இடம் எதுவாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

முதலில் கண்டுபிடித்தவளே முதற் குற்றவாளியானாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடிய தாயிடம், ‘நீ அன்பு காட்டாததால் வந்தது’ என்று சொல்லி அனுப்பினார்கள். இதைப் படித்தபோது, பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி நம் நினைவிற்கு வந்தது. இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்றே அவர்கள் கேட்டனர். இரண்டையும் ஆண்டவர் மறுத்தார். ஆயினும் அக்கேள்வி மட்டும் சாகாமல், இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ உடை தரித்து மீண்டும் வந்தது. நம் ஊர்களில் அது வேறு உடை தரிக்கிறது. கர்ப்ப காலத்தில் கிரகணம் பார்த்தாள் என்கிறோம். எவரோ செய்வினை வைத்தார்கள் என்கிறோம். தொலைக்காட்சி முன் குழந்தையை விட்டாள் என்கிறோம்.

இப்பழியைத் துடைத்தவர்களுள் பெற்றோரே முன்நின்றனர் என்பது வரலாற்றின் அழகு. மதியிறுக்கமுள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு, இது உடலியல் சார்ந்த நிலையே என 1964-இல் நூல் எழுதி வாதிட்டார். அந்நூலுக்கு முன்னுரை அளித்தவர் கன்னரே. 1969-இல் பெற்றோர் கூடிய மாநாட்டில் கன்னர் எழுந்து, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்தினின்று விடுவிக்கிறேன் என்னும் கருத்துப்படப் பேசினார். இங்கிலாந்தில் இத்துறையைச் செப்பனிட்ட லோர்னா விங்கும் மருத்துவர் மட்டுமல்லர். மதியிறுக்கமுள்ள மகளைப் பெற்ற தாய். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளுள் 4-இல் இருவருக்குமே மதியிறுக்கம் இருந்தது. இரு கருவிற் பிறந்த 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. பரம்பரைக் கூறுகள் இதில் பெரும்பங்கு கொள்கின்றன என்பது அன்று தொட்டுத் தெளிவாயிற்று.

பழி அதோடு ஓயவில்லை, இடம் மாறிற்று. 1998-இல் லண்டன் மருத்துவர் ஒருவரும் அவரைச் சார்ந்தோரும் 12 குழந்தைகளைக் கொண்டு எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியின்மீது ஐயத்தை எழுப்பியது. அதில் முறைகேடு இருந்தமை வெளியாகி, இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. பல நாடுகளில் பல இலட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் அத்தகைய தொடர்பு ஏதுமில்லை எனக் காட்டின. தடுப்பூசி போடும் வயதும், அறிகுறிகள் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதே மயக்கத்திற்குக் காரணம்.

பிறந்தநாள் ஒளிப்படங்கள்

மூன்று, நான்கு வயதில் அறியப்படும் ஒன்றை முதல் வயதிலேயே காண இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடிய இரு முயற்சிகளை வாசகர் அறிவது நன்று.

ஜூலி ஆஸ்டர்லிங், ஜெரால்டின் டாசன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பெற்றோர் தம் குழந்தையின் முதல் பிறந்தநாளன்று வீட்டில் எடுத்த வீடியோக்களைத் திரட்டினர். பின்னாளில் மதியிறுக்கம் உள்ளதென அறியப்பட்ட 11 குழந்தைகள். இயல்பாக வளர்ந்த 11 குழந்தைகள். எந்தக் குழந்தை எந்த வகை என்பதை அறியாதவர்களே வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தனர். நான்கு செயல்கள் இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்டின: மற்றவர் முகத்தைப் பார்த்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், விரல் நீட்டிச் சுட்டுதல், பொருளை எடுத்துப் பிறரிடம் காட்டுதல். இவற்றைக் கொண்டே பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் சரியாக வகைப்படுத்த முடிந்தது. 1994-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. பிறந்தநாள் கேக்கையும் மெழுகுவர்த்தியையும் நினைவிற்காக எடுத்த படம், எவரும் அறியாமல் சாட்சியாகக் காத்திருந்தது!

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1992-இல், இங்கிலாந்தின் சைமன் பேரன்-கோஹனும் உடன் ஆய்வாளரும் பதினெட்டு மாதக் குழந்தைகளுக்கென எளிய வினாப்பட்டியல் ஒன்றை ஆக்கினர். மதியிறுக்கமுள்ள குழந்தைகளின் உடன்பிறப்புகள் 41 பேரையும், பிற குழந்தைகள் 50 பேரையும் அதைக் கொண்டு சோதித்தனர். தன் ஆர்வத்தைப் பகிர்வதற்காகச் சுட்டிக் காட்டுதல், பாவனை விளையாட்டு முதலிய செயல்களுள் இரண்டோ அதற்கு மேலோ இல்லாதிருந்தவர் நால்வர். முப்பதாம் மாதத்திற்குள் மதியிறுக்கம் உள்ளதென அறியப்பட்டவர்களும் அதே நால்வர். பின்னர் 16,000 குழந்தைகளிடம் இப்பட்டியலைப் பயன்படுத்தியபோது, அது சுட்டியது பெரும்பாலும் சரியாக இருந்தாலும் பல குழந்தைகள் அதன் வலையில் சிக்காமல் தப்பினர். அதனால் அது மேலும் திருத்தப்பட்டுப் பெற்றோரிடம் கேட்கும் வினாக்கள் கூட்டப்பட்டன. கவனியுங்கள்: கருவிகள் நுண்மையாக ஆக, அவை மீண்டும் தாயிடமே வந்து வினவுகின்றன.

2013-இல் வாரன் ஜோன்சும் அமி கிளினும் கண்ணசைவைப் பதியும் கருவியால் சிசுக்களை மாதந்தோறும் ஆராய்ந்தனர். பின்னாளில் மதியிறுக்கம் அறியப்பட்ட சிசுக்களும் தொடக்கத்தில் பிறர் கண்களை நோக்கவே செய்தன; இரண்டாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையே அந்நோக்கு மெல்லக் குறையத் தொடங்கிற்று. மாறுதல் அத்துணை இளமையில், அத்துணை மெதுவாக நிகழ்கிறது.

புலவர்கள் கண்ட பருவங்கள்

இவற்றைப் படித்தபோது நம் பிள்ளைத்தமிழ் நினைவில் எழுந்தது. ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குலோத்துங்கன்மீது பாடிய காலந்தொட்டு, குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவது தமிழ் மரபு. மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் இப்பருவங்களை அமைப்பர். ஐந்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் அழைத்தால் தளர்நடையிட்டு வரும் வருகை, பதினைந்தில் வானத்து நிலவை விளையாட அழைக்கும் அம்புலி.

பிள்ளைத்தமிழ் மருத்துவ நூலன்று. புகழ் பாடும் சிற்றிலக்கியம். ஆயினும் அதன் பருவங்களைச் சற்று உற்று நோக்குங்கள். கைகொட்டுதல் பிறரைப் பார்த்துச் செய்வது. முத்தம் பிறரிடம் நெருங்குவது. வருகை பிறர் அழைப்பிற்கு விடை தருவது. அம்புலியோ, தாய் சுட்டிய நிலவைக் குழந்தை நோக்குவதும், தான் கண்டதைத் தாய்க்குக் காட்டுவதும் கூடிய விளையாட்டு. இருவர் சேர்ந்து மூன்றாவது ஒன்றைக் காணும் இந்தச் செயலையே ஆய்வாளர்கள் 1992-இல் தம் பட்டியலின் நடுவில் வைத்தனர். உடல் வளர்ச்சியை மட்டுமன்றி உறவின் வளர்ச்சியையும் நம் முன்னோர் பருவமாக எண்ணினர். இன்று நாமோ, குழந்தை நடந்ததா, பல் முளைத்ததா என்று கேட்கிறோம். நிலவைக் காட்டினால் பார்க்கிறதா என்று கேட்பதில்லை.

பெற்றோர் அறிய வேண்டுவன

இக்கால மருத்துவர் பொதுவாக ஏற்றுக்கொண்ட அடையாளங்களைச் சுருங்கச் சொல்வோம். ஆறு மாதத்திற்குள் முகம் பார்த்து மலரச் சிரித்தல் இல்லாமை. ஒன்பது மாதத்திற்குள் ஒலிக்கு ஒலி, சிரிப்புக்குச் சிரிப்பு எனத் திருப்பித் தாராமை. ஓராண்டு நிறைவில் பெயருக்குத் திரும்பாமை, மழலை பேசாமை, சுட்டுதல், கையசைத்து ‘டாட்டா’ காட்டுதல் போன்ற சைகைகள் இல்லாமை. பதினாறு மாதத்திற்குள் ஒரு சொல்லும் பேசாமை. இரண்டு வயதிற்குள் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. எந்த வயதிலாயினும், வந்த பேச்சும் உறவாடலும் மறைந்துபோனால் காலம் தாழ்த்தலாகாது.

இவற்றுள் ஒன்று காணப்பட்டதாலேயே மதியிறுக்கம் என முடிவுகட்டக் கூடாது. காது கேளாமையும் இதே தோற்றம் தரலாம். ஆகவே செவிப் பரிசோதனை முதலில் வேண்டும். சுழலும் பொருளை நோக்கும் குழந்தை யாவும் மதியிறுக்கம் உடையதன்று; நம் ஊரில் இராட்டையைப் பார்த்து மகிழாத குழந்தை ஏது? அடையாளம் என்பது தீர்ப்பன்று. சென்று கேட்பதற்கான காரணம். இது வேரோடு நீக்கப்படும் நோயுமன்று. முற்றாகக் குணமாக்குவதாகக் கூறிப் பணம் பறிப்போரிடம் ஏமாற வேண்டாம். ஆனால் இளமையில் தொடங்கும் பயிற்சி, குழந்தை பேசவும் பழகவும் தன் காரியங்களைத் தானே செய்யவும் பெரிதும் துணைநிற்கும். மூளை விரைந்து வளரும் முதல் ஆண்டுகளில் இழந்த ஒவ்வொரு மாதமும் விலைமதிப்புடையது.

நம் நாட்டில் வாசல்கள் மெதுவாகவே திறந்தன. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மதியிறுக்கம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதைச் சேர்த்து உரிமைகளை விரிவாக்கிற்று. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பரிசோதனையும், மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையமும் வகுக்கப்பட்டன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோர்க்கான தேசிய நிறுவனம் 2005-இல் அமைந்தது. நமக்கு அண்மையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் ‘நம்பிக்கை நிலையம்’ என்னும் பிரிவு பெற்றோரையும் குழந்தையையும் சேர்த்தே பயிற்றுவிக்கிறது. ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய், இங்கே ஆசிரியையாக அமர்கிறாள். வரலாறு எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது!

அந்த வாசல் வரை

டொனால்டு டிரிப்லெட் வங்கியில் பணியாற்றினார், கோல்ஃப் ஆடினார், ஊரார் அன்பிற்கிடையே தம் சிற்றூரிலேயே வாழ்ந்து 2023-இல் 89-ஆம் வயதில் மறைந்தார். எல்லார்க்கும் அத்தகைய வாழ்வு அமைவதில்லை. களம்பூர்ச் சிறுவன் இன்று சில சொற்களே பேசுகிறான். ஆனால் பட்டு நூல்களை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பதில் அவனுக்கு நிகர் அந்த வீட்டில் இல்லை. ஞாயிறு திருப்பலியில் ஒலிபெருக்கிச் சத்தம் மிகுந்தால் காதைப் பொத்திக்கொள்வான். தாய் அவனை வெளியே அழைத்துச் செல்கையில் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தனர். சத்தத்தைக் குறைத்தோம், கடைசி வரிசையில் அவர்களுக்கென இடம் வைத்தோம். பெரிய செயலன்று. முன்னரே செய்திருக்க வேண்டியது.

அண்மையில் மற்றொரு இளந்தாய், பதின்மூன்று மாதக் குழந்தையோடு நம் இல்லத்திற்கு வந்தார். பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்புவதில்லை என்றார். உடன் வந்த மாமியார், மெதுவாகப் பேசும் பிள்ளை என்றார். இம்முறை நாம் தலையசைக்கவில்லை. தாய் சொன்னதை எல்லாம் ஒரு தாளில் எழுதச் செய்தோம். மறுநாளே ஆரணி ரோடு நிலையத்தில் அவர்களை வேலூர் செல்ல ரயிலேற்றினோம். குழந்தைக்கு மதியிறுக்கம் இல்லை. காதினுள் நீர் கோத்திருந்ததே காரணம் என்று மருத்துவர் கண்டு மருத்துவம் செய்தனர். வீண் அலைச்சல் என மாமியார் முணுமுணுத்தார். குழந்தையின் பெயரைச் சொல்லி நாம் மெல்ல அழைத்தோம். அது திரும்பிப் பார்த்தது.

அன்பர்களே, உங்கள் தெருவில் ஒரு தாய் தன் அச்சத்தைச் சொல்ல வரும்போது, ஆறுதல் சொல்ல விரையாதீர்கள். முதலில் கேளுங்கள்.